தீப்பிடித்தபோது ஆப்பரேட்டர் எங்கே இருந்தார்?

1

இந்தக் கதை நான் யோசித்துக் கண்டுபிடித்ததல்ல. தங்கை வீட்டுக்குக் காபி குடிக்கப் போன இடத்தில் கிடைத்தது. பழைய சினிமா தியேட்டர்களில் நடந்த தீவிபத்துகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள் அவள். முதலில் இப்படித் தொடங்கினேன்: "அன்று வானம் செக்கச்செவேலென்று..." வேண்டாம். அந்த வானத்தை நான் பார்க்கவில்லை. ஆதாரமில்லாமல் எழுதினால் தங்கை என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள்.

2

அவளுடைய மாமனார் அந்தக் காலத்தில் தியேட்டர் ஆப்பரேட்டர். ஒருநாள் படம் ஓடும்போது புரொஜெக்டர் அறை பற்றிக்கொண்டது. யாருக்கும் காயமில்லை, கூரை மட்டும் போயிற்று. "ஆப்பரேட்டர் அறையை விட்டு நகராமல் தீயோடு போராடினார்" என்று செய்தித்தாளில் வந்தது. அந்தத் துண்டு தங்கை வீட்டு ஹாலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது.

செய்தித்தாளும் மாமாவும் ஒரே மாதிரி சொன்னார்கள். ஆள் இருந்தும் தீ பரவியது, ஆகவே குற்றம் இயந்திரத்தினுடையது என்று தங்கை முடிவெழுதிவிட்டாள். அடுத்த வாரம் ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும்.

3

(இங்கே தங்கையின் மாமியாரை வில்லியாக்கலாமா என்று ஒரு யோசனை. காபி நன்றாக இருந்ததால் விட்டுவிட்டேன்.)

மாமா குளிக்கப் போனதும் அத்தை எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பேப்பர்ல இருந்து வந்தவர்கிட்ட அந்தச் சேதியைச் சொன்னதே நான்தான். டிக்கெட் கவுண்டர்ல அப்ப நான்தானே இருந்தேன்."

"சரி அத்தை, அதுக்கென்ன?"

"தீப்பிடிச்சப்ப இவரும் அங்கதான் இருந்தாரு, என் ஜன்னல்கிட்ட. படம் பாட்டுக்கு ஓடிட்டிருந்துச்சு, இவரு பாட்டுக்குப் பேசிட்டிருந்தாரு."

தங்கை டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்ப மாமா தீயோட போராடினது?"

"வேலை போயிடக் கூடாதேன்னு நான் விட்ட கதை. படிச்சுப் படிச்சு அவரே நம்பிட்டாரு." பிறகு குரல் இறங்கியது. "என் பேரைப் போட்டுடாதம்மா. தினம் அந்தச் சட்டத்தைத் துடைச்சுட்டுத்தான் அவரு காபியே குடிப்பாரு."

ஆக, செய்தி அத்தையிடமிருந்து வந்தது, மாமாவின் நினைவு செய்தியிலிருந்து வந்தது. தங்கையிடம் இருந்தது இரண்டு ஆதாரம் அல்ல, ஒரே பொய்.

4

முடிவு அ: தங்கை செய்தித்தாளையே வைத்துக்கொண்டு பட்டம் வாங்கினாள். சீ.

முடிவு ஆ: எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள். ஹாலில் ஆணி மட்டும் மிஞ்சியது. எழுதிய கையோடு அடித்துவிட்டேன், மனசு கேட்கவில்லை.

நடந்தது இது. தங்கை ஆய்வேட்டின் முடிவை மாற்றி எழுதிவிட்டு, அடிக்குறிப்பு ஒன்று போட்டாள்: "ஆப்பரேட்டர் அப்போது அறையில் இல்லை என்கிறார் நேரில் கண்டவர் ஒருவர். பெயர் வெளியிட அனுமதியில்லை."

மாமா கண்ணாடி போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தார். விரல் அடிக்குறிப்பில் நின்றது. அத்தையிடம் திரும்பினார்.

"யாரு இந்தப் பொறாமை பிடிச்சவன்? உன்னையே சுத்திச் சுத்தி வந்தானே, டார்ச் அடிச்சு சீட் காட்டுறவன், அவனா?"

தங்கை என்னைப் பார்த்தாள். நான் காபி டம்ளருக்குள் பார்த்தேன். அத்தை சட்டத்தைப் பார்த்தார்.

அத்தையின் பதில் எனக்குத் தெரியும். ஆனால் அதற்குச் சாட்சி சொல்லத் தங்கை வாயைத் திறக்க மாட்டாள். நானோ கதை எழுதுகிறவன், என்னை நம்பி நீங்கள் எதையும் ஏற்கக் கூடாது. நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்.

"என்னங்க, அது வந்து ..............."