ஜெபஸ்டினுக்காக ஒரு ஜெபம்

என் வீட்டுக்காரர் ஜெபஸ்டினுக்குப் பாளையங்கோட்டையில் பிளாஸ்டிக் சாமான் கடை. டப்பா வாங்க வந்தவர்கள் 'சூடு தாங்குமா?' என்று கேட்டால் போதும், மனுஷனுக்கு வீரம் வந்துவிடும். கொதிக்கிற டீயை அந்த டப்பாவிலேயே ஊற்றிக் குடித்துக் காட்டுவார். "பாத்தீயளா அண்ணாச்சி? எனக்கு என்ன ஆயிட்டு?" என்று மீசையைத் தடவிக்கொள்வார். பல வருஷமாக இந்தக் கூத்து. மத்தியானச் சாம்பாரும் பிளாஸ்டிக் தூக்குவாளியில்தான் சுடச்சுடப் போக வேண்டும். எவர்சில்வரில் அனுப்பினால் கடைக்கு அவமானமாம்.

கல்யாணமாகி ஐந்து வருஷம், பிள்ளை இல்லை. குறை யாரிடம்? என்னிடம்தானே இருக்க வேண்டும்! மாமியார் சாரம்மாள் சனிக்கிழமைதோறும் வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்து, தெருப் பெண்களுக்கு நடுவில் என்னை முழங்காலில் நிறுத்துவாள். "கர்த்தாவே, இவள் கர்ப்பத்தைத் திறந்தருளும்" என்று உபதேசியார் ஞானசிகாமணி உருகுவார். எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொல்வது யார்? எங்கள் டப்பா வீரர்தான்.

போன வாரம் டாக்டரம்மா டெஸ்ட் எல்லாம் பார்த்து, டப்பாக் கூத்தையும் கேட்டுவிட்டு, எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டார். எனக்கு ஒரு குறையும் இல்லை. அவருக்குத்தான் ஆண் ஹார்மோன் ரொம்பக் குறைவு, உயிரணுவும் குறைவு.

"இதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா சூடு பட்டா பிளாஸ்டிக்ல இருக்க ரசாயனம் சாப்பாட்டுல எறங்கும். அது ஹார்மோனைக் கெடுக்கலாம். மொதல்ல அந்த டப்பாவ விடுங்க, மருந்து தாரேன்" என்றார்.

வெளியே வந்ததும் மனுஷன் பதறியது பிள்ளைக்காக இல்லை.

"ஏட்டி, வெளிய மூச்சு விட்டுராத. கடைப் பேரு கெட்டுரும். அம்மைக்கும் தெரிய வேண்டாம்."

"அப்போ சனிக்கிழமை?"

"எப்பவும் போல நீ முழங்கால் போடு. தேஞ்சா போயிருவ?"

இவ்வளவு நாளும் தேய்ந்தது யாராம்?

சனிக்கிழமை உபதேசியார் நான் வழக்கமாக முழங்கால் போடும் பாயைக் காட்டிக் கூப்பிட்டார். "ஃபெபி, முன்னால வாம்மா."

"இன்னைக்கு அவியளுக்கு ஜெபிங்க ஐயா" என்று என் வீட்டுக்காரரைக் காட்டினேன். "கொறை அவியகிட்டதான்னு டாக்டரம்மா சொல்லிட்டாவ. கொதிக்கக் கொதிக்க டப்பாவுல குடிச்சாவல்லா, அதையும் சேத்து ஜெபிங்க."

ஆமென் சொல்லத் தயாராக இருந்த டப்பா வீரர் வாய் திறந்தபடியே நின்றது. சாரம்மாள் மகன் முகத்தைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். அதிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது.

"ஏட்டி, மொதல்ல கதவச் சாத்து! நாலு பேரு காதுல விழுந்துரப் போவுது!"

இத்தனை நாளும் என் கர்ப்பத்துக்காகக் கதறியபோதெல்லாம் அந்தக் கதவு ஆவென்று திறந்துதான் கிடந்தது.

"தெறந்தே கெடக்கட்டும் அத்தை" என்று சொல்லிவிட்டு, பாயை என் வீட்டுக்காரர் பக்கம் தள்ளினேன்.