குழி விழுந்த கேக்

கேக்கின் நடுவில் பெரிய குழி. ஒரு முட்டையை உட்கார வைக்கலாம் போல இருந்தது.

"என்ன, பூகம்பமா?" என்றான் அண்ணன். அவனுடைய அலுவலக நண்பர்கள் சிரித்தார்கள்.

எனக்குக் காரணம் உடனே புரிந்துவிட்டது. இரண்டு டீஸ்பூன் பேக்கிங் பவுடர் போடவேண்டிய இடத்தில் நான்கு போட்டிருந்தேன். வாயு அதிகம் வந்தால் கேக்கும் அதிகம் எழும்பும் என்று நானாகக் கணக்குப் போட்டேன். எழும்பத்தான் செய்தது. ஆனால் மாவு வெந்து இறுகுவதற்குள் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து உடைந்துவிட்டன.

நான் வாயைத் திறக்கும் முன் அம்மா முந்திக்கொண்டாள். "என் பொண்ணு கெமிஸ்ட்ரி படிச்சவ. அவ கையில அளவு தப்பாது. அந்த ஓவன்தான் சரியில்ல."

ஓவன் அண்ணியின் அப்பா வாங்கிக் கொடுத்தது. அண்ணி தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் கசப்பாக இருந்த கேக்கை மென்று விழுங்கினேன்.

விஷயம் கேள்விப்பட்டு மறுநாள் காலையிலேயே மாமா, அதாவது அண்ணியின் அப்பா, வந்துவிட்டார். ஓவனைப் பழைய போர்வையில் மூட்டையாகக் கட்டி மாடிப்படியில் இறக்கினார்.

"நீயும் கடைக்கு வாம்மா. என்ன ஆச்சுன்னு நீ சொன்னாத்தான் எடுபடும்."

வழியெல்லாம், "என்னால உன் கேக் கெட்டுப்போச்சேம்மா" என்று வருத்தப்பட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கடைக்காரர் ஓவனுக்குள் ரொட்டித் துண்டுகளைப் பரப்பிச் சூடாக்கினார். எல்லாம் ஒரே மாதிரி சிவந்தன.

"பாருங்க சார். மூலை முடுக்கெல்லாம் ஒரே நிறம்."

"ரொட்டிய வாட்டிக் காட்டி என் காதுல பூ சுத்தாதீங்க!" மாமா மேசையைத் தட்டினார். "கெமிஸ்ட்ரி படிச்ச பொண்ணு இது. பொய்யா சொல்லும்?"

கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மாமா, நான் பவுடர் நாலு ஸ்பூன் போட்டுட்டேன். ரெண்டுதான் போடணும்."

கடைக்காரர் வேறு பக்கம் திரும்பி எதையோ துடைக்க ஆரம்பித்தார். மாமாவின் கை மேசைமேலேயே இருந்தது.

"இப்பதான் தோணிச்சா?" என்றார் மெதுவாக.

"நேத்தே தெரியும்."

கடைக்காரரிடம் அவர்தான் மன்னிப்புக் கேட்டார். போர்வையை மறுபடி கட்டினார். நான் ஒரு பக்கம் பிடிக்கப் போனேன்.

"விடும்மா, கனம்."

வீட்டுப் படியேறும்போது மூச்சு வாங்கியது அவருக்கு. "கடைக்காரன் ஏதோ திருகிச் சரி பண்ணிட்டான்னு சொல்லிடறேன். நீ கவலப்படாத."

அதற்குப் பதில் அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

அண்ணி கதவைத் திறந்தார். "என்னப்பா சொன்னாங்க?"

மாமா பதில் சொல்வதற்குள், "ஓவன்ல ஒரு கோளாறும் இல்ல அண்ணி," என்றேன். "நான்தான் பவுடர் அதிகமாப் போட்டேன். நேத்தே தெரியும்."

அண்ணி என்னைப் பார்க்கவில்லை. போர்வைக்கு அடியில் கை கொடுத்து, அப்பாவின் சுமையில் பாதியை வாங்கிக்கொண்டார்.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஓவன்தானே? நான் அப்பவே சொன்னேனா இல்லையா!"

"போ," என்றார் அண்ணி. "அத்தைகிட்ட சொல்லு. எங்கப்பா காதுல விழற மாதிரி சொல்லு."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அம்மா பக்கத்தில் அண்ணனும் உட்கார்ந்திருந்தான். வாசலில் நின்ற மாமாவுக்கும் கேட்கிற மாதிரி, "ஓவன் இல்லம்மா, நான்தான்," என்று ஆரம்பித்தேன்.