எட்டு வாரத்தில் பதினொரு கிலோ

என் தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டன. என்னுடையது அவனுக்குப் பொருந்தும் என்று முடிவு வந்த அன்று வீட்டில் எல்லோரும் சந்தோஷத்தில் அழுதோம். மறுநாள் டாக்டரம்மா என்னை எடை பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். பதினொரு கிலோ குறைத்தால்தான் ஆபரேஷன். துணிக்கடைக் கல்லாவில் பத்து வருடம் உட்கார்ந்தே பெருத்த உடம்பு இது. தம்பி என்னைக் கூப்பிடுவதே குண்டக்கா என்றுதான்.

ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகர் ஒரு தாள் கொடுத்தார். கீரை, பயறு, காய்கறி, பழம், ஒரு கைப்பிடி நிலக்கடலை.

"ஆறு மாசம் ஆகும்மா. மெதுவாக் குறைஞ்சாத்தான் உடம்பு தாங்கும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் ஊசியோடு கிடக்கிறான் ஒருவன், இவர் கீரைக் கதை சொல்கிறார். தாளை மடித்துப் பையில் திணித்துக்கொண்டு, பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருந்த எடை குறைப்பு மையத்தின் படியேறினேன். எட்டே வாரம் என்றார்கள்.

அங்கே சாப்பாடு என்ற பேச்சே இல்லை. வேளைக்கு ஒரு பொட்டலம் மாவு, தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். சனிக்கிழமை காலை வட்டமாக நிற்கவைத்து ஒவ்வொருவராக எடை பார்ப்பார்கள். குறைந்தவருக்குக் கைதட்டல். குறையாதவர், திருட்டுத்தனமாக என்ன தின்றோம் என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். மூன்றாவது சனிக்கிழமை எனக்குக் குறையவில்லை. ஒன்றும் தின்னவில்லை என்று சத்தியம் செய்தேன். பயிற்சியாளர் நம்பவில்லை.

என்னைப் போலவே எடை குறைக்க வந்து பக்கத்தில் நின்ற ஒரு டீச்சர் காதில் சொன்னார். "வெள்ளிக்கிழமை காலைல இருந்து தண்ணி குடிக்காதீங்க. நாங்க எல்லாரும் அப்படித்தான்."

அடுத்த வாரம் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது, தலை சுற்றியது, கைதட்டலும் கிடைத்தது. வெட்கமில்லாமல் சிரித்தேன்.

தம்பிக்கு ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் தண்ணீர்தான் அளவு. ஒரு வெள்ளிக்கிழமை என் வறண்ட உதட்டைப் பார்த்துவிட்டு ஒரு டம்ளரை என் பக்கம் தள்ளினான். "நீயாவது வயிறு நெறையக் குடிக்கா. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

எல்லாம் உனக்காகத்தான் என்று சொல்லி டம்ளரைத் திருப்பித் தள்ளினேன்.

எட்டாவது வாரம் பதினொரு கிலோ குறைந்தே விட்டது. தலைகால் புரியாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டரம்மா எடையைப் பார்க்கவே இல்லை. ரத்தப் பரிசோதனைத் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பண்ணி வச்சிருக்கீங்க? இப்ப உங்ககிட்ட இருந்து ஒண்ண எடுத்தா, உங்களையும் தம்பி பக்கத்துல படுக்க வைக்கணும். மாவை நிறுத்துங்க, நல்லாத் தண்ணி குடிங்க. அன்னிக்குத் தாள் குடுத்தோமே, அதுல இருக்கறதைச் சாப்பிடுங்க. ஆறு மாசம் கழிச்சுப் பாப்போம்."

மையத்தைத் திட்டினேன், டீச்சரைத் திட்டினேன். ஆனால் படியேறியது என் கால்தானே. தம்பியிடம் சொன்னபோது அவன் கோபப்படக்கூட இல்லை. "விடுக்கா, ஆறு மாசம்தானே. நான் எங்க போயிடப் போறேன்."

பயறு வேகவைத்தேன், கீரை ஆய்ந்தேன், கல்லாவில் உட்கார்ந்தே கொய்யா தின்றேன். ஒரு மாதத்தில் தலைசுற்றல் நின்றது, நல்ல தூக்கம் வந்தது. அந்த உணவு ஆலோசகர் சொன்னது அத்தனையும் உண்மை. அதை நினைத்தால்தான் வயிறு எரிந்தது.

நான்காவது மாதம் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றே நாள். போய்விட்டான்.

அதற்குப் பிறகும் அந்தத் தாளின்படியே சாப்பிட்டேன். ஏன் என்று அம்மா கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. ஆறாவது மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள், போனேன். புதிதாக வந்திருந்த நர்ஸ் முடிவுகளைப் படித்துவிட்டு முகம் மலர்ந்தாள்.

"எல்லாமே சரியா இருக்கும்மா. இனி தாராளமாக் குடுக்கலாம். பேஷண்ட் நம்பர் சொல்லுங்க, தேதி பாக்கறேன்."

தம்பியின் நம்பரை மனப்பாடமாகச் சொன்னேன். கணினியில் தட்டினாள். அதன்பிறகு வெகுநேரம் அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.