மேனேஜரைக் கொண்டுபோய் விட்ட கதை

டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் இருபத்திரண்டு வருடமாகக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறார். ஆனால் அவர் கார் ஓட்டி யாரும் அதிகம் பார்த்ததில்லை. அவருடைய இடம் பக்கத்து சீட்டு. அங்கே வாத்தியாருக்கென்றே தனியாக ஒரு பிரேக் உண்டு. அவர் கால் எப்போதும் அதன் மேல்தான் இருக்கும். ஊரில் பாதிப் பேர் உயிரோடு நடமாடுவதற்குத் தன் கால்தான் காரணம் என்று அவருக்கு ஓர் எண்ணம். அதை எண்ணத்தோடு நிறுத்திக்கொள்ளும் வழக்கமும் அவரிடம் கிடையாது.

அப்பேர்ப்பட்டவர் தானே ஸ்டியரிங்கைப் பிடித்து இரண்டு நாள் தூரப் பயணத்துக்குக் கிளம்பியது மேனேஜருக்காக. மேனேஜர் ஒரு நாய். மண் நிறம், கன்றுக்குட்டி அளவு. யாராவது வேலை செய்துகொண்டிருந்தால் எதிரே போய் உட்கார்ந்து, திருப்தியே இல்லாத முகத்தோடு பார்த்துக்கொண்டிருக்கும். அதனால்தான் அந்தப் பெயர்.

நாய் வாத்தியாருடையது இல்லை, அவருடைய தங்கையுடையது. ரத்தப் பரிசோதனை லேபில் வேலை கிடைத்து அவள் வெளியூர் போனபோது ஹாஸ்டலில் நாய்க்கு இடமில்லை. "ஆறு மாசம் வச்சிருண்ணா" என்று விட்டுவிட்டுப் போனாள். ஆறு மாதம் இரண்டு வருடமானது. போன வாரம் போன் செய்து, பின்பக்கம் தோட்டத்தோடு ஒரு வீடு பிடித்துவிட்டதாகவும் நாயைக் கொண்டுவந்து விடும்படியும் சொன்னாள்.

"தாராளமா. எப்படா தொல்லை விடும்னு இருக்கேன்" என்றார் வாத்தியார். போனை வைத்துவிட்டு அன்றைக்கு மூன்று மாணவர்களைக் காரணமே இல்லாமல் திட்டித் தீர்த்தார்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நாயைக் கொடுக்க அவருக்கு மனசே இல்லை. ஆனால் இரண்டு வருடமாகத் தெருவில் பார்ப்பவரிடமெல்லாம் "இந்தச் சனியன எப்ப கூட்டிட்டுப் போவாளோ" என்று புலம்பிய வாய், இப்போது எப்படி மாற்றிப் பேசும்? தனிக்கட்டை. வீட்டுக்குப் போனால் கதவுக்குப் பின்னால் வாலாட்ட அந்த ஒரு ஜீவன்தான். நாயை விட்டுவிட்டுத் திரும்பி வந்து அந்தக் கதவை எப்படித் திறப்பது என்று அவருக்குப் பயம். தனியாகப் போகத் தைரியம் இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே வரும் இரண்டு நண்பர்களைக் கூப்பிட்டார்.

ஒருவர் பல் டாக்டர். கிளினிக்கில் தரை மாற்றும் வேலை நடந்ததால் உடனே சரியென்றார். கூடவே தன் நாய் பட்டாணியையும் கிளப்பினார். உருவமும் பட்டாணிதான். குரல் மட்டும் நாலு நாய்க்குப் போதும். இன்னொருவர் எலக்ட்ரீஷியன். அவரை யார் எங்கே கூப்பிட்டாலும் ஏன் என்று கேட்காமல் டூல் பையோடு வந்து நிற்பார்.

வண்டி டிரைவிங் ஸ்கூல் வண்டிதான். தலையில் எல் போர்டு, கதவில் போன் நம்பர். பின் சீட்டில் ஏற மேனேஜர் மறுத்துவிட்டது. "முன்னாலயே உக்காரட்டும். கடைசியா ஒரு தடவ" என்று சொல்லி வாத்தியார் தன்னுடைய பக்கத்து சீட்டை அதற்குக் கொடுத்தார். இருபத்திரண்டு வருடத்தில் அந்த சீட்டை அவர் வேறு யாருக்கும் கொடுத்ததில்லை. நண்பர்கள் இருவரும் பட்டாணியோடு பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.

ஊரைத் தாண்டி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. முன்னும் பின்னும் ஈ காக்காய் இல்லாத சாலை, ஓரமாக இரண்டு தெருநாய்கள் மட்டும். வண்டி தடாலென்று நின்றது. பட்டாணி பறந்துபோய் கியரில் உட்கார்ந்தது.

"எர்த் சரியில்ல" என்றார் எலக்ட்ரீஷியன். அவருக்கு உலகத்தில் எது கெட்டாலும் எர்த்துதான் சரியில்லை.

"வெளிய பாத்தா நல்லாத்தான் இருக்கும். வேர்ல இருக்கும் பிரச்சினை" என்றார் பல் டாக்டர்.

"ரெண்டு பேரும் வாய மூடிட்டு இறங்குங்க" என்றார் வாத்தியார். எல்லோரும் இறங்கினார்கள், நாய்களும் இறங்கின. பானெட்டைத் திறந்து பார்த்தார், அடியில் படுத்துப் பார்த்தார், ஏறித் தனியாகக் கொஞ்ச தூரம் ஓட்டியும் பார்த்தார். வெண்ணெய் மாதிரி ஓடியது.

திரும்பி வந்தவர் முகத்தில் கவலையைக் காணோம். "வண்டி கொஞ்சம் ஆறட்டும். அதுவரைக்கும் அந்தக் குன்று மேல ஏறிப் பாத்துட்டு வரலாமா?" என்றார்.

நண்பர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அருவிக்குக் கூட்டிப்போனால் "தண்ணி மேலருந்து கீழ விழுது, இதுல பாக்க என்ன இருக்கு" என்று வண்டியை விட்டே இறங்காத மனிதர் இவர்.

ஏறினார்கள். உச்சியில் காற்று நன்றாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் எந்தப் பக்கம் ஏறினோம் என்பது மறந்துபோய் மறுபக்கம் இறங்கிவிட்டார்கள். வண்டி குன்றுக்கு அந்தப் பக்கம். சுற்றிக்கொண்டு நடக்க ஆறு கிலோமீட்டர். பாதி வழியில் மேனேஜர், இதற்கெல்லாம் நான் பொறுப்பில்லை என்பது போல உட்கார்ந்துவிட்டது. வாத்தியார் அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். பட்டாணியைத் தூக்கிக்கொண்டு நடந்த பல் டாக்டருக்கே மூச்சு வாங்கியது. வாத்தியாருக்கு வாங்கவில்லை.

மறுநாள் மூன்று தடவை வண்டி நின்றது. ஒவ்வொரு தடவையும் இவர்கள் இறங்கிப் பார்ப்பதும், அது ஒன்றுமே நடக்காதது போல ஓடிக் காட்டுவதும், உடனே வாத்தியார் பக்கத்தில் பார்க்க வேண்டிய இடம் ஒன்றைக் கண்டுபிடிப்பதும் வாடிக்கையானது. ஒரு பாழடைந்த கலங்கரை விளக்கம், ஒரு ஓடை, அப்புறம் ஒரு ஏரி. ஏரிக்கரையில் அவருக்குக் கூடாரம் போட்டுத் தங்கும் ஆசையே வந்துவிட்டது.

கூடாரம் எலக்ட்ரீஷியனுடையது. போடும் முறை சொல்லும் காகிதம் எப்போதோ தொலைந்துபோயிருந்தது. வாத்தியார் தனக்குத் தெரிந்த ஒரே முறையில் சொல்லிக் கொடுத்தார்: "அவசரப்படாத. மொதல்ல பின்னாடி பாரு. இப்ப மெதுவா விடு. மெதுவாடா." பல் டாக்டர் மெதுவாகத்தான் விட்டார். கம்பி எகிறி எலக்ட்ரீஷியனின் தொப்பியை ஏரிக்குள் கொண்டுபோய்ப் போட்டது. மேனேஜர் எதிரே உட்கார்ந்து மூவரையும் வேலையை விட்டு நீக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

தொப்பியை வாத்து என்று நினைத்துப் பட்டாணி தண்ணீரில் பாய்ந்தது. நாலடி போனதும் நாணலில் மாட்டிக்கொண்டு ஊரைக் கூட்டியது. "என் பட்டாணி போச்சு" என்று பல் டாக்டர் சட்டை, செருப்பு, கண்ணாடி சகிதம் குதித்தார். கையைக் காலை அடித்து, தண்ணீரைக் குடித்து, உயிரைக் கொடுத்து நீந்தினார். எலக்ட்ரீஷியன் கரையில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"டேய், எந்திரிச்சு நில்லு" என்றார்.

பல் டாக்டர் எழுந்து நின்றார். தண்ணீர் முழங்கால் அளவு இருந்தது. பட்டாணியைத் தூக்கிக்கொண்டு நடந்தே கரைக்கு வந்தார்.

அன்றைக்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். தங்கையிடமிருந்து இரண்டு தடவை போன் வந்தது. "வண்டி மக்கர் பண்ணுதும்மா" என்றார் வாத்தியார். பொய் இல்லைதான். ஆனால் சொல்லும்போது அவர் கை மேனேஜரின் காதைத் தடவிக்கொண்டிருந்ததை எலக்ட்ரீஷியன் கவனித்தார்.

மூன்றாம் நாள் விளையாட்டு வினையாகப் பார்த்தது. ஒரு சரிவில் இறங்கும்போது வண்டி மறுபடியும் தடாலென்று நின்றது. பின்னால் வந்த தண்ணீர் லாரி ஒரு சாண் இடைவெளியில் நின்றது. லாரிக்காரர் இறங்கி வந்து எல் போர்டைப் பார்த்தார், வாத்தியாரின் நரைத்த தலையைப் பார்த்தார். "இந்த வயசுல எதுக்கு சார் உங்களுக்கு இதெல்லாம்" என்று பரிதாபமாகச் சொல்லிவிட்டுப் போனார். வாத்தியார் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய அவமானத்தைப் பார்த்ததில்லை.

வண்டியை நேராக ஒரு சாலையோரப் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். மெக்கானிக் ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் கழற்றி மாட்டினார். தனியாக ஓட்டிப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. கடைசியில், "நீங்க எல்லாரும் எப்பவும் போல ஏறி உக்காந்து மெதுவா ஓட்டுங்க. நான் கூடவே நடந்து வர்றேன்" என்றார்.

பக்கத்து சீட்டு ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு மெக்கானிக் நடந்தார். பட்டறையைத் தாண்டியதும் வேலியோரம் ஒரு நாய் போனது. அதை நன்றாகப் பார்க்க மேனேஜர் எழுந்து நின்றது. நிற்க முன்னங்கால்களை எங்கேயாவது ஊன்ற வேண்டுமே. கீழே வாத்தியாருக்கென்று வைத்திருக்கும் பிரேக் வசதியாக இருந்தது. முழு எடையையும் அதன் மேல் போட்டது. வண்டி தடாலென்று நின்றது.

மெக்கானிக் நாயைப் பார்த்தார். அதன் காலைப் பார்த்தார். அப்புறம் வாத்தியாரைப் பார்த்தார்.

"சார், வண்டில ஒரு கோளாறும் இல்ல. உங்க உதவியாளரு ரொம்ப ஜாக்கிரதையா இருக்காரு, அவ்ளோதான்."

பின் சீட்டில் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பட்டாணி பயந்துபோய்க் குரைத்தது. வாத்தியார் அந்த பிரேக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருடமாகத் தன் காலுக்கு மட்டுமே கட்டுப்பட்ட பிரேக். தன் கால் இல்லாமலும் அது வேலை செய்யும் என்று ஒரு தடவைகூட அவருக்குத் தோன்றவில்லை.

"தெரிஞ்சேதான் விட்டுவச்சியா?" என்று கேட்டார் பல் டாக்டர்.

"சத்தியமா தெரியாதுடா."

அது உண்மை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. மேனேஜரைப் பின் சீட்டில் திணித்து, பல் டாக்டரை முன்னால் உட்கார வைத்துக் கிளம்பினார்கள். இனி வண்டி நிற்க வழியில்லை. நின்றால் நல்லது என்று நினைத்த மனிதருக்கு வேறு வழியும் இல்லை. முப்பதில் ஓட்டினார். அப்புறம் இருபதில் ஓட்டினார். காய்கறிக் கூடையோடு ஒரு சைக்கிள் அவர்களைத் தாண்டிப் போனது.

"உனக்கு இத குடுக்க இஷ்டம் இல்ல. அப்படித்தானே?" என்று பின்னாலிருந்து கேட்டார் எலக்ட்ரீஷியன்.

"யார் சொன்னா? விட்டாப் போதும்னு இருக்கேன்."

"அப்ப கொஞ்சம் மிதிச்சு ஓட்டு."

அவர் மிதிக்கவில்லை. இரண்டு நாள் வழியை நாலு நாளாக்கி, நாலாம் நாள் மதியம் போய்ச் சேர்ந்தார்கள்.

தங்கை கேட்டிலேயே நின்றாள். முன்கதவைத் திறந்ததுதான் தாமதம், பின் சீட்டிலிருந்து மேனேஜர் பல் டாக்டரின் மடியை மிதித்துத் தாண்டிப் பாய்ந்தது. கன்றுக்குட்டி உடம்பை நாய்க்குட்டி என்று நினைத்துக்கொண்டு அவள் மேல் ஏறியது, ஊளையிட்டது, முகமெல்லாம் நக்கியது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாத்தியார் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தன்னை ஒரு தடவை திரும்பிப் பார்க்கும் என்று எதிர்பார்த்தார். பார்க்கவில்லை.

ஒரு காகிதத்தை எடுத்துப் பாடம் நடத்துவது போல வாசிக்க ஆரம்பித்தார். "காலைல ஒரு வேளை, சாயந்தரம் ஒரு வேளை. இடது காதுக்கு மருந்து ராத்திரி மூணு சொட்டு. இடி இடிச்சா கட்டிலுக்கு அடியில போயிடும், இழுக்கக் கூடாது, நாமளும் கூடப் போய்..."

"கூடப் போயா?" என்றாள் தங்கை.

"படுத்துக்கணும்" என்றார் வாத்தியார். பிறகு காகிதத்தை மடித்தார். "எனக்கு இத விட்டுட்டுப் போக மனசு இல்லம்மா. கேக்கக் கூடாதுதான். கேக்கறேன். எனக்கே குடுத்துடேன்."

பல் டாக்டர் அவசரமாக ஒரு மரத்தைப் பார்க்கத் தொடங்கினார். எலக்ட்ரீஷியன் காலிங் பெல்லின் ஒயரை ஆராய்ந்தார்.

தங்கை நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டே இருந்தாள். "முடியாதுண்ணா. இதுக்காகத்தான் ஊரெல்லாம் அலைஞ்சு இந்த வீட்டப் பிடிச்சேன். வேலை விட்டு வந்தா பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் இல்ல. நாய் இங்கதான் இருக்கும்."

வாத்தியார் தலையாட்டினார்.

"காது மருந்து எத்தன சொட்டுன்னு எழுதி வச்சிருக்க. ரெண்டு வருஷத்துல நான் சாப்டேனா தூங்கினேனான்னு ஒரு போன் பண்ணியா? நானா பண்ணினாலும் 'நாய் நல்லாருக்கு'ன்னு சொல்லி வச்சுடுவ." அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரை அதிகம் குத்தியது. "நான் கூப்பிட்டு நீ வரல. இத கொண்டுவந்து விடுன்னதும் நாலு நாள் வண்டி ஓட்டிட்டு வந்து நிக்கற. இனிமே இதப் பாக்கவாவது வருவியா?"

அவருக்கு வெட்கமாக இருந்தது. கதவுக்குப் பின்னால் யாருமில்லாத வீட்டை நினைத்து நான்கு நாளாகப் பயந்தோமே, அதே மாதிரி ஒரு ஹாஸ்டல் அறைக் கதவை இவள் இரண்டு வருடமாகத் தினமும் திறந்திருக்கிறாள். அது தன் புத்திக்கு எட்டவே இல்லையே என்று நினைத்தார்.

போனை எடுத்து டிரைவிங் ஸ்கூலுக்குப் பேசினார். ஒரு வாரத்துக்கு வகுப்பு இல்லை என்று சொன்னார். அந்தப் பக்கத்தில் ஏன் என்று கேட்டார்கள்.

"தங்கச்சி வீட்டுக்கு வந்திருக்கேன்" என்றார் வாத்தியார்.