நிலவறையிலிருந்து தூக்கி வந்தவள்

மெவ்லிதாவுக்குச் சிறுநீரகம் கொடுக்க அவள் சித்தப்பா ராசிம் ஆஸ்திரியாவில் ஓட்டும் லாரியை நிறுத்திவிட்டு ஊருக்கு வந்திருந்தான். ரத்த உறவு மட்டும்தான் கொடுக்கலாம் என்பது சட்டம். ரத்த வகை பொருந்தி, சோதனையெல்லாம் முடிந்து, திங்கட்கிழமை அறுவை சிகிச்சை என்று நாள் குறித்தாயிற்று. வெள்ளிக்கிழமை காலையில், எலும்போடு ஒப்பிட்டுப் பார்க்க அவனும் மெவ்லிதாவும் முன்பே ரத்தம் கொடுத்திருந்த, போரில் காணாமல் போனவர்களைத் தேடும் அலுவலகத்திலிருந்து அவனுக்குப் போன் வந்தது. அண்ணனின் எலும்புகள் கிடைத்திருக்கின்றன, வந்து கையெழுத்துப் போடுங்கள்.

"நீங்களும் வாங்க ஹில்மோ அண்ணே. தனியாப் போனா கால் நிக்காது," என்றான்.

போனேன். போரின் முதல் வருஷம், அவனுடைய அண்ணன் வீட்டு நிலவறையிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளையைத் தூக்கி வந்தவன் நான்தான். பத்து வருஷமாக என் வீட்டில் வளர்கிறாள். சிறுநீரகம் இரண்டும் கெட்டு ஒன்றரை வருஷமாகிறது. வாரத்தில் மூன்று நாள் அவளைப் பஸ்ஸில் கூட்டிப் போய் ரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தில் படுக்க வைத்து, பக்கத்து நாற்காலியில் தூங்கி வழிவேன். மற்ற நாளில் கான்கிரீட் வேலை.

அலுவலகத்துப் பெண் தாழ்ந்த குரலில் சொன்னாள். "மூணு பேர் கிடைச்சிருக்காங்க. உங்க அண்ணன், அண்ணி, அவங்க பொண்ணு."

ராசிம் சிரித்துவிட்டான். "பொண்ணா? அவ ஆஸ்பத்திரியில உக்காந்து, உப்பில்லாத சூப்பை எவன் கண்டுபிடிச்சான்னு நர்ஸைத் திட்டிக்கிட்டு இருக்காம்மா. வேற யார் காகிதத்தையோ எடுத்துட்டீங்க."

அவள் காகிதத்தை எங்கள் பக்கம் திருப்பி வைத்தாள். "அந்தக் குழந்தையோட எலும்பு உங்க ரத்தத்தோட ஒத்துப்போகுது. அவங்க ரெண்டு பேரோடயும் ஒத்துப்போகுது. அஞ்சு வயசுக் குழந்தை, அம்மா பக்கத்துலயே கிடந்திருக்கு. நீங்க ரத்தம் கொடுக்கக் கூட்டிட்டு வந்த பொண்ணு இவங்க யாருக்கும் சொந்தமில்லங்க."

ராசிம் என்னைத் திரும்பிப் பார்த்தான். அண்ணன் மகள் பிறக்கும் முன்பே ஆஸ்திரியா போனவன் அவன்.

குண்டு விழும்போது தெருவில் அத்தனை வீட்டாரும் அந்த நிலவறைக்குத்தான் ஓடுவார்கள். அது ஒன்றுக்குத்தான் கான்கிரீட் கூரை. அந்தக் கூரையைப் போட்டவனே நான்; அந்த வீட்டுப் பிள்ளையின் பெயர் தெரியும், முகம் நினைவில்லை. அப்படியிருந்தும் அந்த வீட்டில் கிடைத்த பிள்ளை அந்த வீட்டுப் பிள்ளை என்று அகதிகளின் பெயரெழுதியவனிடம் நான்தான் சொன்னேன். மறுத்துச் சொல்ல அந்தத் தெருவில் ஆள் மிச்சமில்லை. பிள்ளையும் வாயைத் திறக்கவில்லை.

வெளியே வந்ததும் ராசிம் என் சட்டையைப் பிடித்தான். "இத்தனை வருஷமா யாருக்குய்யா நான் பொம்மை அனுப்பினேன்?" பிடித்த கையை எடுக்காமலே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். நானும் கூடவே குனிந்தேன்.

அந்த நேரத்திலும் என் புத்தி திங்கட்கிழமையையே சுற்றியது. இவன் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொன்னால் அறுவை சிகிச்சை கிடையாது. ஒருவனுடைய அண்ணன் மகள் எலும்பாகக் கிடக்கும்போது எனக்கு அந்த நினைப்பு வந்தது.

ஆஸ்பத்திரியில் அவன் நேரே அவள் கட்டிலுக்குப் போனான்.

"என்ன மூஞ்சி இது ரெண்டு பேருக்கும்?" என்றாள் அவள். "என் கிட்னி பஸ் ஏறி ஓடிப்போச்சா?"

"நீ யாரு?" என்று கேட்டான் ராசிம்.

அவள் அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"சபிஹா."

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "தெரியுமா உனக்கு? இவ்வளவு நாளும் தெரியுமா?"

"எங்க வீடு முந்தின நாளே விழுந்துருச்சு மாமா. அம்மா, அப்பா எல்லாம் உள்ள. மெவ்லிதாவோட அம்மாதான் என்னைக் கூட்டிட்டுப் போய் வச்சிருந்தாங்க. துப்பாக்கிக்காரங்க வந்து அவங்களை இழுத்துட்டுப் போனப்ப நான் உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னாடி இருந்தேன். நீங்க வந்து மெவ்லிதா, மெவ்லிதான்னு அழுதுக்கிட்டே தூக்குனீங்க. இல்லன்னு சொன்னா இறக்கி விட்டுட்டுப் போயிருவீங்கன்னு பயந்தேன்."

"அப்புறமாச்சும் சொல்லலாமேடி."

"அப்புறம் சித்தப்பா லெட்டர் போட ஆரம்பிச்சுட்டாரே."

அதற்குள் டாக்டரம்மா படிவத்தோடு வந்துவிட்டார். "சித்தப்பா இங்கதான் இருக்காரா, நல்லதாப் போச்சு. உறவு என்னன்னு எழுதி, கீழ ஒரு கையெழுத்துப் போடுங்க."

அவன் பேனாவை வாங்கினான். எழுதவில்லை. அவள் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

"டாக்டரம்மா, அறுத்த பிறகு எத்தனை நாள்ல பாரம் தூக்கலாம்?"

"ஆறு வாரத்துக்கு ஒரு வாளித் தண்ணிகூடக் கூடாது. ஏன்?"

"சவப்பெட்டி தூக்கணும். மூணு. ஒண்ணு சின்னது."

டாக்டரம்மா ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். "சின்னதோ பெரிசோ, ஆறு வாரம்," என்றார்.

ராசிம் படிவத்தைச் சுவரில் வைத்து எழுதினான். உறவு என்ற இடத்தில் சித்தப்பா என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். பேனாவைத் திருப்பிக் கொடுக்க மறந்து அதைப் பிடித்தபடியே நின்றான்.

"அடக்கத்தை ஆறு வாரம் தள்ளி வைக்கச் சொல்லுங்க அண்ணே," என்றான் என்னிடம். கட்டில் பக்கம் அவன் திரும்பவே இல்லை.

தாழ்வாரத்துப் போனில் அலுவலகத்தின் எண்ணை அழுத்தினேன். மூன்று தடவை தப்பாகப் போயிற்று.