இடது கை சல்யூட்

அன்று காலையிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கழுவிய தூரிகையையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன். என் கணவர் ஓரினுக்கு ராணுவத்திலிருந்து அழைப்புக் கடிதம் வந்து நாலு நாள் ஆகியிருந்தது. எவனோ பெர்லினில் சுவர் எழுப்பினான். நியூயார்க்கில் என் வீட்டுக்காரர் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. வெள்ளிக்கிழமை கிளம்ப வேண்டும்.

போன வருடம் எங்கள் கார்ட்டூன் ஸ்டூடியோ, அவசரத்துக்குக் கூப்பிடும் ரிசர்வ் படைக்காகச் செய்த விளம்பரத்தை டி.வி.யில் பார்த்துத்தான் அவர் பேர் கொடுத்தார். வாரம் ஒரு சாயங்காலம் வந்தால் போதும் என்று பாடிய அந்தக் கார்ட்டூன் ஆளுக்குச் சட்டை நிறம் தீட்டியவள் நான்தான். நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

புது விளம்பரத்தைப் பார்க்க ராணுவத்திலிருந்து கேப்டன் ஹாஸ்கெல் வந்திருந்தார். திரையில் அதே ஆள் மனைவிக்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டு வாசலைத் தாண்டிப் போனான். திரும்பி வந்து இன்னொரு சல்யூட் அடித்தான்.

"நிறுத்துங்க! இடது கையால அடிக்கிறானே!" என்றார் கேப்டன்.

முதலாளி மோர்ட்டி தலையைச் சொறிந்தார். வேலையை மிச்சம் பிடிக்க, போவதற்கு வரைந்த கண்ணாடித்தாள்களையே வருவதற்கும் புரட்டிப் போட்டிருந்தோம். புரட்டினால் கையும் மாறிவிடும் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

"வர்றதை வெட்டிடலாம் சார். போறதோட முடிச்சிக்கலாம்."

"போனவன் வர வேண்டாமா மோர்ட்டி?" நான் கத்தியே விட்டேன்.

"ஏம்மா, வெறும் பொம்மைப் படம்தானே?" என்றார் கேப்டன்.

"அந்தப் பொம்மைய நம்பித்தான் சார் என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டாரு. வெள்ளிக்கிழமை கிளம்புறாரு."

கேப்டன் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றார்.

"எத்தனை தாள் மாத்தணும்?"

"பதினெட்டு. வியாழனுக்குள்ள நானே முடிச்சிடுறேன்."

முடித்தேன். பதினெட்டிலும் இடது கையை அழித்து வலது கையை வரைந்தேன். அழிக்க அழிக்க மனசு கேட்கவில்லை. போனவன் வலது கைக்காரன். திரும்பி வந்தவன் இந்த இடது கைக்காரன்தானே?

வெள்ளிக்கிழமை காலை, வலது கையில் கனத்த பையோடு ஓரின் பஸ் படியில் ஏறினார். என்னைச் சிரிக்க வைக்கத் திரும்பி, சும்மா இருந்த இடது கையால் ஒரு சல்யூட் அடித்தார்.

"யோவ், வலது கை!" என்று பஸ்ஸுக்குள்ளிருந்து சார்ஜென்ட் அதட்டினார். ஓரின் பையைக் கை மாற்றப் போனார்.

"மாத்தாதீங்க! அப்படியே இருக்கட்டும்!" என்று கத்திக்கொண்டே பஸ்ஸை நோக்கி ஓடினேன்.