பெட்டிக்குள் இல்லை

கேள்வியை எழுதியவன் நான். கையெழுத்துப் போட்டவர் அவர். பதினோரு வருடமாக எங்கள் வேலைப் பங்கீடு அதுதான்.

அவர் எதிர்க்கட்சி உறுப்பினர். சபையில் அவருக்கு ‘வெளிநடப்பு’ என்று பட்டப்பெயர். எந்த அமைச்சர் என்ன பதில் சொன்னாலும் ‘திருப்தி இல்லை’ என்று எழுந்து போய்விடுவார். அந்த நேரத்தில் கேன்டீனில் கூட்டம் இருக்காது.

கேள்வி இது: ‘எங்கள் தொகுதி மருத்துவமனைக்கு வாங்கிய நான்கு டயாலிசிஸ் இயந்திரங்கள் எட்டு மாதங்களாகப் பெட்டிக்குள் இருக்கின்றன என்பது உண்மையா?’

அக்காவும் மாமாவும் அந்தத் தொகுதியில் இருக்கிறார்கள். மாமாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்துக்கு இரண்டு நாள், மூன்று மணி நேரம் பஸ்ஸில் தலைநகருக்கு வருவார்கள். டயாலிசிஸ் முடிந்து மாமா என் அறைக் கட்டிலில் சாயங்காலம் வரை சுருண்டு கிடப்பார். பிறகு மூன்று மணி நேரம் திரும்ப. தொகுதி மருத்துவமனை அவர்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்.

“பதினோரு வருஷமா அந்தாளுக்குப் பை தூக்கறே. ஒரு மிஷினைப் பெட்டியிலேருந்து வெளியே எடுக்க முடியலையாடா உன்னால?” என்றாள் அக்கா.

அவள் வார்த்தையையே கேள்வியில் போட்டேன். கேள்விகளை வரிசைப்படுத்தச் சபையில் நடத்தும் குலுக்கலில் முதல் இடம் வந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை. அச்சடித்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை அவர் கட்சி மாறினார்.

ஆளுங்கட்சியில் ஆள் பஞ்சம் இல்லை. உட்கார இடம்தான் இல்லை. ஆனால் சபையில் ஒரு விதி உண்டு. முப்பது பேர் எழுந்து நின்றால் எந்தப் பதிலையும் விவாதத்துக்கு எடுத்தே தீர வேண்டும். எதிர்க்கட்சியில் சரியாக முப்பது பேர்.

பேச வந்த ஆளுங்கட்சிக் கொறடா எதையும் சுற்றி வளைக்கவில்லை. “அண்ணே, நீங்க எங்களுக்கு வேணும்னு இல்ல. அவங்ககிட்ட இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.”

அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

சுகாதாரத் துறை காலியாக இருந்தது. வெள்ளிக்கிழமை அமைச்சர் ஆனார்.

அக்கா போனில் அழுதாள். “இனிமே மிஷின் ஓடிடும்ல?”

“ஓடிடும்க்கா.”

எனக்கும் சந்தேகம் இல்லை. கேட்டவர் கையிலேயே துறை வந்துவிட்டது.

சனிக்கிழமை துறைச் செயலாளர் கோப்போடு வந்தார். அமைச்சர் புது நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கோப்பைத் திறந்தார். முகம் சிவந்தது.

“எவன்யா இந்தக் கேள்வியைக் கேட்டது?”

“நீங்கதான் சார்,” என்றார் செயலாளர்.

“நானா?”

“கையெழுத்து இருக்கு சார்.”

அமைச்சர் என்னைப் பார்த்தார். நான் கையெழுத்தைப் பார்த்தேன்.

கேள்வியைத் திரும்பப் பெறலாம் என்று என்னைச் சபை அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். கேள்விப் பிரிவு அம்மா கண்ணாடியைக் கழற்றவே இல்லை. “அச்சாயிடுச்சுங்க. அச்சானா அது சபையோட சொத்து. கேட்டவர் வரலைன்னா தானா விழுந்துடும்.”

“கேட்டவர்தான் பதில் சொல்லணும்மா.”

“அப்போ வந்துதானே ஆகணும்?” என்றார் அந்த அம்மா.

திரும்பி வந்து சொன்னேன். “காய்ச்சல்னு படுத்துடட்டுமா?” என்றார் அமைச்சர்.

“முதல் நாளே வரலைன்னா, பழைய கட்சிக்கே ஓடிட்டார்னு பேசுவாங்க சார்,” என்றார் செயலாளர்.

“ஐயா,” என்றேன் நான். “செவ்வாய்க்குள்ள மிஷினை மாட்டிட்டா?”

செயலாளர் என்னைப் பரிவோடு பார்த்தார். தண்ணீர் சுத்திகரிப்பு இன்னொரு பிரிவு. மின்சாரம் இன்னொரு துறை. இயக்க ஆட்கள் இன்னும் தேர்வே எழுதவில்லை. எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஒரு வருடம். பிறகு கேள்வியின் மேல் பேனாவை வைத்தார்.

“சார், நல்லாப் படிங்க. ஓடுதான்னு கேக்கலை. பெட்டிக்குள்ள இருக்கான்னுதான் கேட்டிருக்கு.”

அமைச்சர் வாய்விட்டுப் படித்தார். இரண்டாம் முறை படிக்கும்போது சிரித்தார்.

“அருமையா எழுதியிருக்காங்க,” என்றார் செயலாளர். “யார் எழுதினது?”

நான் கோப்பின் நாடாவைக் கட்டினேன்.

திங்கட்கிழமை மத்தியானம் நான்கு இயந்திரங்களையும் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை. சபாநாயகர் விதிப் புத்தகத்தைத் தவிர வேறு எதையும் படிக்காதவர். “கேள்வி எண் ஒன்று,” என்றார்.

அமைச்சர் எழுந்து கேள்வியைக் கேட்டார். உட்கார்ந்தார். “மாண்புமிகு அமைச்சர்,” என்றார் சபாநாயகர். அமைச்சர் எழுந்தார். “இல்லை,” என்றார். உட்கார்ந்தார். ஆளுங்கட்சியினர் மேசையைத் தட்டினார்கள்.

“மூச்சு வாங்குது பாரு, தண்ணி குடுங்கப்பா!” என்று எதிர்வரிசையிலிருந்து ஒரு குரல்.

“கேட்ட உறுப்பினர் துணைக் கேள்வி கேட்கிறாரா?”

அமைச்சர் மறுபடி எழுந்தார். “அமைச்சர் தெளிவாச் சொல்லிட்டாருங்க. எனக்கு முழுத் திருப்தி.” இருபது வருடத்தில் முதல் முறை.

எதிர்க்கட்சித் தலைவர் பாய்ந்து எழுந்தார். “பெட்டியில இல்லைன்னா ஓடுதா? அதைச் சொல்லுங்க! விவாதம் வேணும். எல்லாரும் எழுந்திருங்க!”

எழுந்தார்கள். நான் அதிகாரிகள் மாடத்தில் இருந்தேன். என் கண் எங்கள் ஐயா மேல்தான். அந்தக் குரலுக்கு இருபது வருடம் எழுந்து பழகிய கால்கள் அவை. முழங்கால் நிமிர்ந்தது. நாற்காலியை விட்டு ஒரு சாண் எழும்பிவிட்டார். எழுந்து நிற்பவர் எந்தப் பக்கத்தவர் என்று விதியில் இல்லை. இன்னும் ஒரு சாண் எழுந்தால் போதும். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

பின்வரிசையிலிருந்து கொறடா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“அமைச்சர் எழுந்தாரா?” என்றார் சபாநாயகர்.

“இல்லீங்க. கால் மரத்துப் போச்சு.”

எண்ணினார்கள். இருபத்தொன்பது. எதிர்க்கட்சி கேட்டுக்கொண்டதால் மறுபடி எண்ணினார்கள். கூடவில்லை. அடுத்த கேள்வி பூங்காக்களைப் பற்றியது.

வெளியே வந்ததும் அமைச்சர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “தப்பிச்சேன் தம்பி.”

“ஐயா, அந்த மிஷின்...”

“அதான் வெளியே எடுத்தாச்சே!”

வியாழக்கிழமை மாமா என் கட்டிலில் படுத்திருந்தார். கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள்.

“போய்ப் பாத்தேன்டா. நாலும் வரிசையா நிக்குது, கல்யாணப் பொண்ணு மாதிரி. மேல துணி போட்டு வெச்சிருக்காங்க. எப்போ ஓடும்னு கேட்டேன். அதைப் பத்தி மேலேருந்து யாரும் கேக்கலையேன்னாங்க நர்ஸம்மா.”

நான் காகிதத்தை எடுத்தேன். ‘இயந்திரங்கள் இயங்குகின்றனவா?’ என்று எழுதினேன்.

“சுவிட்சைப் போட்டுக் காட்டிட்டு அணைச்சிடுவாங்க,” என்றார் மாமா கண்ணைத் திறக்காமல். “ஆளைப் படுக்க வெச்சு ஓடுதான்னு எழுது.”

“படுக்க வெச்சுப் படம் மட்டும் எடுத்துக்கிட்டா?” என்றாள் அக்கா.

“முழு நேரமும்னு போடு.”

“செத்தவனைப் படுக்க வெச்சுட்டா?”

“உயிரோடன்னு சேத்துக்கடா. உங்க அக்கா விட மாட்டா.”

மூன்று முறை அடித்து எழுதினோம். நான்கிலும், ஒவ்வொரு நாளும், தொகுதியைச் சேர்ந்த, உயிருடன் உள்ள நோயாளிகளுக்கு, முழு நேரச் சிகிச்சை எந்தத் தேதியில் தொடங்கியது? ஆம், இல்லை என்று சொல்ல வழி வைக்கவில்லை.

கையெழுத்துப் போட ஆள் வேண்டும். அமைச்சர்கள் கேள்வி கொடுக்க முடியாது. காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எதிர்க்கட்சித் தலைவரின் அறைக்குப் போனேன். போன வாரம் வரை நான் தினமும் போன அறை. அங்கே உதவியாளராக இருப்பவனை ஒல்லி என்போம்.

“வாங்கண்ணே. ஐயா போன வாரம் அந்தப் பக்கம். நீங்க இந்த வாரம் இந்தப் பக்கமா?”

“கதவைச் சாத்து.”

சாத்திவிட்டுப் படித்தான். “வெளியே தெரிஞ்சா உங்க சீட்டைக் கிழிச்சிடுவாங்களே.”

“தெரியும்.”

“ஓட்டையே இல்லாம எழுதியிருக்கீங்க.”

“வீட்ல எல்லாரும் உக்காந்து அடைச்சோம்.”

“போட்டுடலாம். தலைவர் கையெழுத்துப் போடுவார். ஆனா ஒண்ணுண்ணே. எப்படிக் கேட்டாலும் ‘பரிசீலனையில் உள்ளது’ன்னு ஒரு பதில் அவங்ககிட்ட இருக்கு. அப்போ எழுந்து நிக்க நாங்க இருபத்தொம்பது பேர்தான்.”

“கணக்கு எனக்குத் தெரியும். போடு.”

முத்திரை குத்திப் பதிவேட்டைப் புரட்டினான். ஏற்கெனவே குலுக்கி எடுத்த கேள்விகள் வரிசையில் நின்றன. “ஆறு வாரம் ஆகும்.”

அறைக்குத் திரும்பினேன். மாமா எழுந்து உட்கார்ந்திருந்தார். சாயங்கால பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஆறு வாரம் என்றேன். அக்கா பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

“ஜன்னல் ஓரம் கிடைச்சா இவர் தூங்கிட்டு வருவார்,” என்றாள். “கண்டக்டர்கிட்ட சொல்லி வெச்சிடறேன்.”